எம்.எல்.ஏ. குரலில் ஒரு ஆறுதல்

எம்.எல்.ஏ. நாகமாணிக்கத்திடம் இருபத்தாறு வருஷமாக உதவியாளராக இருக்கும் சென்னியப்பனுக்கு அவருடைய குரல் அப்படியே வரும். அவர் அசந்து படுத்திருந்தால், "சொல்லுங்க கண்ணு, நாந்தான் பேசறேன்" என்று போனில் சென்னியப்பனே பேசிவிடுவார். எம்.எல்.ஏ.வுக்கு அது தெரியாது.

துடியலூர் மண்டபத்தில் எம்.எல்.ஏ.வுக்குப் பாராட்டு விழா. தறி ஓட்டும் பழனாத்தாள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"என்ற ஊட்டுக்காரர் தவறுன அன்னைக்கு நானும் போயிரலாம்னு இருந்தனுங்க. 'புள்ளைகளைப் பாரு அம்மணி, நான் இருக்கறேன்'னு போன்ல சொன்னீங்க. அந்தச் சொல்லுலதான் உசுரோட இருக்கறனுங்க."

அன்றைக்குப் போனில் அப்படிச் சொன்னவர் சென்னியப்பன். 'நான் சொல்லலையே' என்று எம்.எல்.ஏ. சொல்லிவிட்டால் அவள் என்ன ஆவாள்?

நாகமாணிக்கம் திரும்பிச் சென்னியப்பனை ஒரு நொடி பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"புள்ளைக நல்லாப் படிக்கறாங்களா அம்மணி?"

கைதட்டல் அடங்கியதும் சென்னியப்பனை அருகே கூப்பிட்டார்.

"ஏப்பா சென்னி, இன்னும் ஆராருக்கு என்னென்ன சொல்லியிருக்கறேன்? ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துரு. வழியில பாத்தா நான் முழிக்கக் கூடாதல்லோ?"

"சரிங்க" என்றார் சென்னியப்பன். பாதிப் பேரின் பெயர்கூட அவருக்கு நினைவில் இல்லை.