தட்டினால் நிறுத்த வேண்டும்

கைகளைக் கட்டுவது எனக்கும் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிப்பவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பரிதாபம் எனக்கு வேண்டாம்.

கல்யாணமான புதிதில், யார் வீட்டு விசேஷத்தையாவது சாக்குச் சொல்லிச் சிதம்பரத்துக்குப் போய் லாட்ஜில் அறை எடுப்போம். அங்கேதான் என் கணவர் தயங்கித் தயங்கித் தன் ஆசையைச் சொன்னார். நானும் என்னுடையதைச் சொன்னேன். என் துப்பட்டாவால் மணிக்கட்டைக் கட்டிவிட்டு, "வலிக்குதா? அவுத்துடவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "போதும் மாமா" என்றால் உடனே முடிச்சை அவிழ்த்துவிடுவார். கையைத் தேய்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்பு எங்கேயும் கிடைத்ததில்லை.

நாங்கள் குடியிருக்கும் திருப்பாதிரிப்புலியூர் வீடு வேறு கதை. எங்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் மாமியாரின் கட்டில். நான் இருமினால், "என்னம்மா, சளியா?" என்று கேள்வி வரும். அங்கே "போதும்" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு: நான் கட்டில் சட்டத்தைத் தட்டினால் அவர் நிறுத்த வேண்டும். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவர்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து, கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. முடிச்சு இறுகி என் விரல்கள் மரத்துப்போயின. பயம் வந்துவிட்டது. தட்டினேன். அவர் என் கைமேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். மறுபடி தட்ட முடியவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

எல்லாம் முடிந்து அவிழ்த்துவிட்டபோது கேட்டேன்.

"தட்டுனது கேக்கலயா?"

"கேட்டுச்சு. அம்மாவுக்கும் கேட்டுடுமேன்னுதான் புடிச்சேன்."

காதில் விழவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு. அவர் சட்டையைத் துவைக்கக்கூடக் கை கூசியது. மறுநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டேன்.

"சிதம்பரம் போலாமா? அங்கன்னா யாருக்கும் கேக்காது" என்றார்.

யாருக்கும் கேட்காத அறையில் இவரோடு தனியாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம், ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். கைய எடுங்க."

கூடம்வரை கேட்கிற மாதிரிதான் சொன்னேன். டிவி சத்தம் குறைந்தது. அவர் கையை எடுத்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்படியா ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றது?"

"மெதுவா சொல்லிப் பாத்தேன் அத்தை. அவரு நிறுத்தல."

மேடையில் கிடந்த கரண்டியை எடுத்துத் திரும்ப அங்கேயே வைத்தார்.

"உன் மாமனார்கூட முப்பது வருசம் இருந்தேன். ஒரு நா கூட வேணாம்னு சொன்னதில்ல."

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தது. அதை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டு நின்றோம்.