அன்னலட்சுமியின் சுண்ணாம்புக் கோடு

பெரகலைக்கு மேலே மலையேறும் பாதையில் தவளைக் கல், பானைக் கல், இரட்டைக் கல் என்று பாறைகள் நிற்கின்றன. அவற்றின் முதுகும் விலாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அன்னலட்சுமிக்கு அத்துப்படி. இரட்டைக் கல்லுக்கு நேர் கீழேதான் அவளுடைய லயம், எட்டுக் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள். அந்தக் கல்லில் நெடுக ஒரு வெடிப்பு. மழைக்காலம் தொடங்குமுன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பெடுத்து, வெடிப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவாள். கோடு உடைந்தால் கல் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். பதினொரு வருடம் உடையவில்லை.

2003 ஐப்பசியில் உடைந்தது.

அன்றே தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். பெரிய கிளாக்கர் குமாரசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், "நாளைக்கு ஆளனுப்பிப் பாக்கிறன்" என்றார். அனுப்பினார்தான், கம்பி பிரஷும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்து! சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் நடக்கும் பாதையாம், கல்லில் கிறுக்கல் இருக்கக்கூடாதாம். கோடு இருந்த இடமே தெரியவில்லை.

அன்னலட்சுமிக்கு உச்சி கொதித்தது. கொழுந்துக் கூடையோடு ஆபீசுக்குள் நுழைந்தாள்.

"கிளாக்கரய்யா, எங்க உசுரு ஒங்களுக்குக் கிறுக்கலாத் தெரியுதா?"

"சும்மா கத்தாதை. கல் நகர்ந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"அதத்தான் தேச்சுக் கழுவிட்டீங்களே! வாங்க, ஒங்க கண்ணு முன்னால மறுபடி போடுறேன்."

"எனக்கு முழங்கால் ஏலாது."

"தொரை பங்களாவுக்கு ஏறுறப்ப மட்டும் வலிக்காதோ?"

ஆபீசே சிரித்தது. மனிதர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் கோடு போட்டாள். பக்கத்திலேயே தேதியையும் அவர் கையாலேயே எழுத வைத்தாள்.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை இருவரும் ஏறினார்கள். கோடு இரண்டு துண்டாய்க் கிடந்தது.

"வெரல உள்ள விடுங்க," என்றாள்.

அவர் விரல் இரண்டாவது கணு வரை போனது. குமாரசிங்கம் நேரே லயத்துக்கு இறங்கி எல்லாரையும் வெளியேறச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் எட்டுக் குடும்பமும் சட்டிபானைகளோடு, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்துக்கு மாறிவிட்டன. மறுநாள் அதன் கதவில் ஓர் அறிவித்தல். அன்னலட்சுமியின் மகள் மயூரி வாசித்தாள்: "அலுவலகம் அவதானித்த வெடிப்பின் காரணமாக..."

"ஆபீசா பாத்துச்சு? அதுக்குக் கண்ணு எங்கடி இருக்கு?"

அந்த ஐப்பசி முழுக்க, மழை விட்டபோதெல்லாம் வெற்றிலைப் பையோடு அவள்தான் ஏறினாள். அலுவலகம் ஒரு நாளும் ஏறவில்லை.