மூன்று வருடம் வீட்டில் இருந்தேனாம்

நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுத வேண்டிய இடத்தில் ஒருமுறை எழுதாமல் விட்டேன், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மூன்று வருடம் படித்து முடித்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பினேன். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது என் ஆசை. அலுவலகத்தில் ஒருவர், இங்கே செல்லுபடியாகும் வெளிநாட்டுப் பட்டங்களின் தடிமனான பட்டியல் ஒன்றைப் புரட்டினார். என் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தது. நான் வாங்கிய பட்டம்தான் இல்லை. அதே இடத்தில் மருத்துவம் படித்தவர் இங்கே டாக்டர். வேதியியல் படித்த நான் ஒன்றுமில்லை. அங்கே என் கையைச் சுட்ட கந்தக அமிலம் இங்கே வந்தால் சுடாதா என்று கேட்க நினைத்தேன்.

"விண்ணப்பம் போடுங்கள், பரிசீலிப்பார்கள்" என்றார். பரிசீலித்தார்கள். பாடத்திட்டம் வேண்டும் என்றார்கள், கல்லூரிக்கு எழுதி வரவழைத்தேன். செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள், அதற்கும் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் 'உண்மை நகல்' என்று அதிகாரி ஒருவரின் முத்திரை வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். பிறகு இரண்டு வருடம் ஒரே பதில்தான் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

அந்த இரண்டு வருடமும் பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு பழுதான சில்லுகளைப் பொறுக்கினேன். தம்பிகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார்.

அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. எனக்கு அதுதான் அதிக எரிச்சல். முப்பது வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவர். "பைல் நகருதும்மா. கவர்மண்ட்ல எல்லாம் மெதுவாத்தான் லா நகரும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பார். அச்சடித்தது போன்ற கையெழுத்து. ஒருமுறை ஒருவர் மகனுக்கு இரண்டு வயது குறைத்துப் போடச் சொன்னார். அப்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அவரோடு அதன் பிறகு பேசவே இல்லை.

தொழிற்சாலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது அரசாங்கத்தில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பள்ளி இறுதி வகுப்பான ஐந்தாம் படிவத் தேர்ச்சி போதும். அப்பாதான் பாரத்தை நிரப்பினார். பட்டத்தையும் எழுதினார். நேர்முகத் தேர்வில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் பாரத்தைப் படித்துவிட்டு மலாயில் சொன்னார்: "நீங்கள் பட்டதாரி. இந்த வேலையில் நிலைக்க மாட்டீர்கள்."

"அது பட்டமே இல்லை என்று உங்கள் பட்டியல் சொல்கிறது, ஐயா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். அதிகாரி வேலைக்குப் போனால் நான் பட்டதாரி இல்லை, குமாஸ்தா வேலைக்குப் போனால் பட்டதாரி. இதில் எங்கே வேடிக்கை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூவரில் ஒருவர் தமிழர். உள்ளே வாயே திறக்காதவர், வெளியே வராந்தாவில் என் பின்னால் வந்தார். "அடுத்த தடவ டிகிரிய எழுதாதம்மா. பிப்த் பார்ம்னு மட்டும் போடு லா. யாரு வந்து செக் பண்ணப் போறா?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

பள்ளிவாசல் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையில் அப்பா எனக்காகக் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பாரத்துல பொய் எழுதுறதா? வேணாம்மா. பெரிய பைல் இன்னும் மேல இருக்கு. வரட்டும்."

வந்தது. அடுத்த மாதமே வந்தது. மூன்று வரிக் கடிதம். என் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணையானதல்ல, இந்த முடிவே இறுதியானது. காரணம் என்று ஒரு சொல் கிடையாது. நான் அனுப்பிய பாடத்திட்டத்தை யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. அப்பா மூன்று முறை படித்தார். கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். வேறு எதுவும் இல்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

அந்த வாரமே தொழிற்சாலை என்னையும் வீட்டுக்கு அனுப்பியது. மறுபடி குமாஸ்தா வேலைக்கு விளம்பரம் வந்தது. ஒரு நாள் காலையில் சாப்பாட்டு மேசையில் பாரம் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அதே அச்சுக் கையெழுத்து. கல்வித் தகுதி: ஐந்தாம் படிவம். பள்ளிக்குப் பின் என்ன செய்தீர்கள் என்ற கட்டத்தில், நான் அமிலத்திலும் புகையிலும் நின்று படித்த மூன்று வருடத்துக்கு நேராக எழுதியிருந்தார்: வீட்டில் இருந்தார்.

"அப்பா, இது நீங்க எழுதினதா?"

"சைன் பண்ணும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி வரியில், மேலே உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன் என்று இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். பேனா முனை தாளைக் கிழித்துவிடும் போல அழுத்திப் போட்டேன்.

வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதில்தான் இருந்தேன். நான் சொல்ல வந்தது அதுவல்ல. பாரத்தைத் தபாலில் சேர்த்த அந்த வாரம், ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தார்கள். ஒரு வாரம்கூடத் தவறாத அப்பா எழவில்லை. அம்மா முழங்கையால் இடித்தார். அவர் அசையவில்லை. அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது: மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது. பொய்க்குக் கையெழுத்துப் போட்டவள் நான். ஆனாலும் நான் எழுந்து போய் வாங்கினேன். எனக்கு வெட்கமாக இல்லை. அது என் பாவம் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது காலியான பெஞ்சில் அப்பா மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என் பட்டத்தை இல்லை என்று சொன்னதைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். அந்த மனிதரை அப்படி உட்கார வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை.