கட்டம் அக்கா

கணினியைத் தொடுவதற்கு முன் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். சீவிய துகளை உள்ளங்கையில் வாங்கிக் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு, கட்டம் போட்ட தாளை எடுத்து வைப்பார். எந்தப் பிழையானாலும் முதலில் தாளில் கட்டங்களை நிரப்பிப் பார்த்த பிறகுதான் விசைப்பலகை. அதனால் அலுவலகத்தில் அவருக்குக் கட்டம் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

மாத்திரைப் பட்டைகளைக் கேமராவால் பார்த்து, குழி காலியாக உள்ளதைத் தள்ளிவிடும் இயந்திரங்களைச் செய்கிற நிறுவனம் அது. மென்பொருள் அக்காவின் பொறுப்பு. டீயை நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பார். யாராவது "கிட்டத்தட்ட" என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். "கிட்டன்னா எவ்வளவு கிட்ட? அதச் சொல்லிட்டு மேல போ." வீட்டிலும் இதே கதைதான் என்று அவருடைய மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மே மாதம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் புதிதாக நிறுவிய இயந்திரம் நல்ல பட்டைகளையும் தள்ளத் தொடங்கியது. திரையில் படம் பளிச்சென்று இருக்கிறது. கழிவுப்பெட்டியோ நிரம்பி வழிகிறது. எல்லாச் சோதனையிலும் மென்பொருள் தேறியிருக்கிறது என்று அக்கா கைவிரித்துவிட்டார். பழி, கேமராவைப் பொருத்தியவர் தலையில் விழுந்தது. அவர் திரும்பத் திரும்பப் போய் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "இதுக்கு மேல நேரா வைக்கணும்னா கட்டடத்தைத்தான் சார் திருப்பணும்" என்றார் மேலாளரிடம். இன்னொரு புகார் வந்தால் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது என்று பதில் கிடைத்தது. அன்றிலிருந்து கேமராக்காரர் அக்காவின் மேசையைக் கடக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்.

அது அக்காவைக் குடைந்திருக்க வேண்டும். மறுபடி தாளை எடுத்தார். கேமரா எடுக்கும் படம் முதலில் படங்களைக் கையாளும் தனிச் செயலியான ஜிபியுவின் நினைவகத்துக்குப் போகும். திரை அங்கிருந்தே காட்டிவிடும். நல்லது கெட்டது பார்க்கும் நிரலோ, படம் கணினியின் நினைவகத்துக்கு நகலாகி வந்த பிறகே பார்க்கும். "திரையில தெரியறது வேண்டாம். இந்தப் பக்கம் வந்து சேர்ந்த படத்த எடு" என்றார் பக்கத்து மேசைக்காரரிடம். எடுத்துப் பார்த்தால் மாத்திரைகள் எல்லாம் சரிந்து கிடந்தன.

"கேமரா கோணலா இருக்குமோ?" என்றார் மேசைக்காரர்.

"சரிஞ்சா சரியட்டும். வலது ஓரத்துல வெளிய போன மாத்திரை இடது ஓரத்துல எப்படி உள்ள வரும்? கேமராவுக்கு அந்த வித்தை தெரியாதுப்பா."

தாளில் விடை இருந்தது. படத்தின் ஒரு வரிசைக்கு ஐந்நூறு புள்ளி. ஜிபியு ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இடம் ஒதுக்கி, கடைசிப் பன்னிரண்டைச் சும்மா விட்டிருந்தது. நகலெடுக்கும் நிரல் அந்த வெற்றிடத்தைத் தாண்டாமல், அதையும் படமென்று நினைத்து அள்ளிக்கொண்டு வந்தது. வரிசைக்கு வரிசை படம் நழுவியது. சோதனைக்கு வைத்திருந்த படங்களோ ஐந்நூற்றுப் பன்னிரண்டு, ஆயிரத்து இருபத்து நான்கு என்ற அகலங்களில் மட்டுமே இருந்தன; இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை தானாக அந்த எண்களுக்குத்தான் போகும். அந்த அகலங்களில் வெற்றிடமே விழாது. புதிய தொழிற்சாலையின் பட்டைதான் ஒடுங்கலானது; அதனால் படமும் ஐந்நூறாகக் குறைந்தது.

நகலெடுக்கும் நிரலை எழுதியவர் அக்கா.

அன்று மாலைக்குள் திருத்திவிட்டார். சிறு மாற்றம் செய்து சரிப்படுத்திவிட்டோம் என்று தொழிற்சாலைக்கு எழுதினால் போதும் என்றார் மேலாளர். "யார் தப்புன்னு அவங்க கேட்டாங்களா? விடும்மா."

"கேக்கல சார். அவங்களே ஒருத்தர முடிவு பண்ணிட்டாங்க."

பிழை நிரலில், கேமரா பொருத்தியதில் அல்ல என்ற வரியைச் சேர்க்காமல் அக்கா மேலாளரின் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஜூன் ஒன்பதாம் தேதி தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதம், இரண்டாவது இயந்திரத்துக்கும் கேமரா பொருத்த அதே ஆளை அனுப்பச் சொன்னது. கேமராக்காரர் நீள ஏணியைத் தனியாக வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். அக்கா எழுந்து போய், தரையில் உரசிக்கொண்டு வந்த முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

கேமராக்காரர் திரும்பிப் பார்த்தார். "படி இருக்கு. பாத்து வாம்மா."