சனிக்கிழமை உடுப்பு

ஜூலை மாதத்தில் தூத்துக்குடியில் ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், காய்ச்சலா என்று கேட்பார்கள். மைசூரில் போடாமல் இறங்கினால்தான் கேட்கிறார்கள். கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில் பால் பூத்துக்காரர் தினமும் என் வெறுங்கைகளைப் பார்த்து, "சளி ஆகல்வா?" என்பார். எனக்குச் சளியெல்லாம் இல்லை என்று நானும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் சளி என்றால் குளிர் என்று தெரிய ஒரு மாதம் ஆனது. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் வழித்துணையாக வரும் என்று நம்பித்தான் இந்த ஊரில் பேசத் தொடங்கினேன்.

கணவர் சேவியருக்கு நஞ்சன்கூட்டில் தொழிற்சாலை வேலை. காலை ரயிலில் போய் மாலை திரும்புவார். எனக்கு தேவராஜ மொஹல்லாவை ஒட்டிய ஒரு கல்வி அறக்கட்டளை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் கவுண்டர். முதல் நாள் என்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். ஊரில் நான் இரண்டு வருஷம் டீச்சராக இருந்த பள்ளியில் அதுதான் மரியாதை. இங்கே பக்கத்து மேசைக்காரர், "மனேலி ஃபங்ஷனா மேடம்?" என்று கேட்டார். வீட்டில் விசேஷமா என்று கேட்கிறார் எனப் புரிந்தபோது முகம் சூடாகிவிட்டது. மறுநாளிலிருந்து வெளிர்நிறக் காட்டன் சேலைக்கு மாறினேன். வருஷங்கள் போகப்போக அந்தக் கவுண்டரில் என் கன்னடமும் தேறியது, நானும் தேறினேன்.

இடையில் சனிக்கிழமைகளில் கேஷுவலாக வரலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. எது கேஷுவல் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அலுவலகக் கண்காணிப்பாளர் ஷைலஜா மேடத்துக்கு வந்தது. ஜீன்ஸ் போடலாம், மேலே குர்தா வேண்டும். டீ-ஷர்ட் போடலாம், காலர் வேண்டும். காலர் வைத்தால் மரியாதை வந்துவிடுமா என்று இளவயதுக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்பார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. சனிக்கிழமையும் சேலைதான் கட்டினேன்.

அப்புறம் இடது மார்பில் கட்டி வந்தது. மார்பையே எடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். என் வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால் எல்லாரும் கர்ப்பப்பை என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு கதிர் சிகிச்சை. ஊரில் அதைக் கரண்டு வைப்பது என்பார்கள். அது முடியும்போது அக்குளிலிருந்து விலா வரை தோல் கருகி உரிந்துகொண்டிருந்தது. ரவிக்கையின் கொக்கியைப் போட முடியாது. கை தோளுக்கு மேல் எழாது. துப்பட்டா உரசினால்கூடக் கண்ணில் நீர் வரும். விடுப்போ தீர்ந்துவிட்டது. மகள் ஜெனி தன் பெரிய சாம்பல் நிற டீ-ஷர்ட்டைக் கொண்டுவந்து, முதலில் இடது கையை நுழைத்து, மெதுவாகத் தலைவழியே இறக்கிவிட்டாள்.

"ஆபீஸுக்கு எப்படிடி இதப் போட்டுட்டுப் போறது?"

"யாராச்சும் கேட்டா சொல்லும்மா. ஹுஷாரில்லன்னு சொல்லு, சாக்கு." அவளுடைய தமிழில் பாதி கன்னடம். உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதுமாம்.

அன்று திங்கள்கிழமை. நான் போய் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே ஷைலஜா மேடம் கவுண்டருக்கு வந்துவிட்டார். "ரோஸ்லின், இவத்து சோமவாரா. ஸாட்டர்டே அல்ல," என்றார். குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. கவுண்டருக்கு வெளியே மகனோடு ஒரு தகப்பனார் காத்திருந்தார். பக்கத்தில் அக்கவுண்டண்ட் நின்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கன்னடத்தில் அந்த உறுப்புக்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் நம் முலைக்கு நெருங்கிய சொல். அதை எந்த மொழியிலும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாம் மார்பு என்ற பொதுச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துக்கொள்வதுபோல், அவர்களுடைய 'எதெ' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன்.

"எதெ நோவு, மேடம்."

அவர் முகம் மாறியது. "யாவாகிந்தா?" எப்போதிருந்து என்று கேட்டார்.

"எரடு திங்களிந்த," என்றேன். இரண்டு மாதமாக.

எதெ நோவு என்றால் அவர்களுக்கு நெஞ்சுவலி. இரண்டு மாதமாக நெஞ்சுவலியோடு ஒருத்தி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள்! ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் ஆட்டோ பிடித்தார். அது இல்லை, அது இல்லை என்று நான் தமிழிலும் கன்னடத்திலும் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஷைலஜா மேடம் என் கையைப் பிடித்தபடியே பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். ஈசிஜி எடுக்க நர்ஸ் டீ-ஷர்ட்டை உயர்த்தியபோது அவர் என் தலைமாட்டில்தான் நின்றிருந்தார்.

நர்ஸ் கை அப்படியே நின்றது. மேடம் பார்த்தார். பிறகு அவரே குனிந்து, துணி தோலில் படாமல் விரல்களால் தூக்கிப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

திரும்பும்போது மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ வெகுநேரம் நின்றது. சாமந்திக் கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே, "மொதலே ஹேளபாரதா?" என்றார். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. அவர் அழுதது குரலில் தெரிந்தது.

எனக்காக அவர் அறக்கட்டளைச் செயலாளரிடம் வாதாடினார் என்று பிறகு பியூன் சொன்னார். அந்த வார முடிவில் தீர்ப்பு வந்தது. மருத்துவக் காரணத்தால் ரோஸ்லின் எல்லா நாளும் கேஷுவலாக வரலாம். ஆனால் கவுண்டரில் அல்ல, பின்கட்டில் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையில். "அல்லி யாரூ பரல்ல. ஆராமாகி இரி," என்றார் ஷைலஜா மேடம். அங்கே யாரும் வரமாட்டார்கள், நிம்மதியாக இருங்கள் என்று அதை ஒரு பரிசுபோலச் சொன்னார்.

"நானு கவுண்டர்லே இர்தீனி மேடம்." கவுண்டரிலேயே இருக்கிறேன் என்றேன்.

"பேரண்ட்ஸ் நோட்தாரெ, ரோஸ்லின்." பெற்றோர் பார்ப்பார்கள். அவருடைய இரக்கம் அந்தக் கவுண்டர் கண்ணாடி வரைதான் வர முடிந்தது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க யாரும் வராத இடத்தில் நான் எதை உடுத்தினால் என்ன? ஜெனி பச்சையிலும் மஞ்சளிலும் இரண்டு டீ-ஷர்ட் வாங்கிவந்தாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கலராக வாங்கினாய் என்றேன். "நீ பாக்கறல்வாம்மா?" என்றாள். நீ பார்க்கிறாய் அல்லவா என்று.

தோல் ஆறியது. ஒருநாள் பழையபடி காட்டன் சேலை கட்டி, இடதுபக்கம் பஞ்சு வைத்துத் தைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு மேடத்தின் முன் போய் நின்றேன். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் கவுண்டரில் உட்காரவைத்த புதுப்பெண் நன்றாகப் பழகிவிட்டாளாம். "நீவு அல்லே ஆராமாகி இரி," என்றார். உடுப்பு சரியானதும் இடம் திரும்பக் கிடைக்கும் என்று நானாகத்தான் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். தூத்துக்குடி வேர்வையில் தோல் மறுபடி எரிந்தது; மஞ்சள் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மனைவி மேரி ஓடிவந்தாள். "மைனி, சித்தப்பா வீட்டு ஆளுக வாராவ. இந்தத் துண்ட மேல போட்டுக்கிடுங்க. இல்ல, உள்ள போய்ப் படுத்துக்கிடுதியளா?" உள்ளே போய்ப் படுத்தேன். அக்காவுக்கு முதுகுவலி என்று தம்பி அவர்களிடம் சொல்வது கேட்டது. போகும் நாளில் அவனே, "பேசாம ஊருக்கே வந்துருக்கா. நாங்க இருக்கோம்லா?" என்றான். அன்போடுதான் சொன்னான். எனக்கு அந்த உள்ளறைதான் கண்ணில் நின்றது.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மைசூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். ஜெனியோடு போனில் பேசி முடித்ததும், என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண் திரும்பினார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார், கட்டட வேலைக்குப் போகிறவர்களைப்போல.

"தமிழுங்களா? உங்களுக்கு எந்தப் பக்கமுங்க?"

"தூத்துக்குடிப் பக்கம். நீங்க?"

"நானு கௌதள்ளிங்க. ஆனா ஊரக் கேக்கலீங்க." சட்டையின் வலதுபக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இந்தப் பக்கம் எடுத்துட்டாங்க. உங்களுக்கு?"

எதிரே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நாளில் யாரும் என்னிடம் இதை இப்படி உரக்கக் கேட்டதில்லை. "எடது," என்றேன். என் குரலும் உரக்கத்தான் வந்தது.

"இந்தச் சட்டை வேலைக்குப் போட்டுட்டுப் போனதுங்க. இப்பக் கை தூக்க முடியல, யாரும் கூப்புடறதில்ல. சட்டை மட்டும் இருக்குது." சொல்லிவிட்டு, நெரிசலில் என் இடது தோளில் தன் வலது தோள் இடிப்பதைக் கவனித்தவர்போல் எழுந்தார். "ரெண்டு பேருக்கும் நோவுற பக்கமா ஒக்காந்திருக்கறமுங்க," என்று சுற்றிவந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

அவருடைய நல்ல தோளும் என் நல்ல தோளும் ஒட்டிக்கொண்டன. எடுத்த பக்கங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்திருந்தன. எந்தப் பக்கம் என்றதும் என் வாயில் ஏன் தூத்துக்குடி வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நர்ஸ் கன்னடத்தில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.