மாஸ்டருக்கு ஒரு ஸ்பூன் சாஸ்

சாஸம்மா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். மிளகாய், பூண்டு, வினிகர் போட்டு அவள் காய்ச்சும் சாஸை மூன்று கேன்டீன்களும் அக்கம்பக்கத்துக் கடைகளும் வாங்கிக்கொண்டிருந்தன. செய்முறை அவள் கணவருடையது. ஓட்டல் அடுப்பில் முப்பது வருஷம் நின்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய் அவர் படுத்த பிறகு, பகலுக்கு என்னை வேலைக்கு வைத்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, துடைப்பது, நடந்ததை நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. சாயங்காலம் நான் கிளம்பும்போது சாஸம்மா அந்த நோட்டை ஒரு வரி விடாமல் படிப்பாள்.

மாஸ்டரின் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவு. பானையை இறக்கியதும் ஒரு ஸ்பூன் சாஸை ஆறவைத்து அந்தக் கதவு வழியாகக் கொண்டுவருவாள். வாயின் இடது பக்கம் வை என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். வலது பக்கம் உணர்ச்சி கிடையாது, எது வைத்தாலும் தன்னால் வழிந்துவிடும். அவர் நாக்கில் உருட்டிப் பார்ப்பார். சரியென்றால் இடது கை விரலால் கட்டில் கம்பியில் ஒரு முறை தட்டுவார். சரியில்லையென்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"படுத்த இடத்துலயே கெடந்தாலும் இந்த அதிகாரம் மட்டும் கொறையல பாருங்கக்கா" என்று திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போவாள். உப்போ பூண்டோ சேர்த்துக்கொண்டு திரும்பி வருவாள். கம்பியில் தட்டு விழுகிறவரை நடப்பாள்.

காலையில் மூன்று வாய் கஞ்சிக்கு நான் அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். அந்த ஸ்பூன் வந்துபோன பிறகு மதியம் ஒரு கிண்ணம் மளமளவென்று இறங்கும். வேலை முடித்து வந்த மனுஷனுக்குப் பசிப்பது மாதிரி. எனக்கு அது போதும்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு எழுதிப்போட்டது மகள். கெட்டிக்காரி. முதலில் ஆறு பாட்டில் சாம்பிள் கேட்டார்கள். பரிசோதனைக்கூடத்துச் சான்றிதழ், எத்தனை மாதம் கெடாது என்ற கணக்கு, ஒவ்வொரு பொருளும் எத்தனை கிராம் என்று எழுதிய செய்முறை, எல்லாம் வேண்டும். சாஸம்மா வீட்டில் அதுவரை தராசே கிடையாது.

"ஒரு கைப்பிடின்னா எத்தன கிராம்மா?"

"என் கையா, உங்கப்பா கையா?"

"கடவுளே! ரெண்டு பேர் கையையும் லேபுக்கு அனுப்ப முடியாதும்மா."

ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டுக் காய்ச்சுவது, மாஸ்டர் எதற்குத் தட்டுகிறாரோ அதையே எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த வாரம் பார்த்து அவருக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல். டாக்டர் கொடுத்த மாத்திரை வாயெல்லாம் கசப்படிக்கும் ரகம். மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பத்து நாள் பொறுத்துக்கம்மா. இப்ப அவருக்குத் தண்ணியே கசக்கும்."

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் பெரியம்மா. விட்டா அடுத்த வருஷம்தான்."

சாஸம்மா என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தராசை எடுத்து வைத்தாள்.

இரண்டு நாள் அவர் சுவரைப் பார்த்தே கிடந்தார். மூன்றாம் நாள் சர்க்கரையை ஏற்றிக்கொண்டே போய், ஏழாவது ஸ்பூனுக்குத் தட்டினார். கசந்து கிடந்த நாக்கு இனிப்பைப் பிடித்துக்கொண்டது, வேறொன்றுமில்லை. மகள் கைதட்டினாள். சாஸம்மா தானும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். ஸ்பூனைக் கழுவப் போனாள்.

சாம்பிள் பாஸாகி ஆர்டர் வந்தது. அதற்குள் மாத்திரையும் நின்று, மாஸ்டரின் நாக்கு பழையபடி ஆனது. முதல் பெரிய பானையை இறக்கி ஸ்பூனோடு வந்தாள். முகத்தைத் திருப்பினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஒரு கிண்ணத்தில் தனியாகச் சர்க்கரையைக் குறைத்துப் பூண்டைக் கூட்டிக் கொண்டுவந்தாள். உடனே தட்டினார்.

"பழைய அளவுக்கே மாத்திடலாம்டி" என்றாள் மகளிடம்.

"சாம்பிள்ல இருக்கறதுதான் பாட்டில்ல இருக்கணும். மாத்தினா மறுபடி லேப். அதுக்குள்ள வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"இது நம்ம சாஸே இல்ல. ஜாம்ல மொளகா தவறி விழுந்த மாதிரி இருக்கு."

"விக்கற ஜாம் அதும்மா!"

பிறகு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். வழுக்கைத் தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு, ஒரு முடி விழக்கூடாது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாஸ்டர் அறைக் கதவருகே நின்றார்.

"நோயாளி ரூம் இதுக்குள்ள திறக்கக் கூடாது. கதவ நிரந்தரமாப் பூட்டிடுங்க, போதும். வாசப்பக்கம் சுத்திப் போய்க்கலாம்."

அவர் கேட்டது பூட்டு. அவர் போன மறுநாள் சாஸம்மா கொத்தனாரைக் கூட்டிவந்து செங்கல் வைத்து அடைத்தாள். கொத்தனாரே கேட்டார், "ஒரு பூட்டுக்கு எதுக்கம்மா இத்தன கல்லு?"

"பூட்டுன்னா தெறக்கத் தோணும்" என்றாள்.

வாசப்பக்கமாகச் சுற்றி வந்தால் இருபது அடி. தினமும் வந்தாள். சட்டை மாற்றினாள், தலை வாரிவிட்டாள், என் நோட்டைப் படித்தாள். ஸ்பூன் மட்டும் வரவில்லை. பானை இறக்கும் நேரத்தில் மாஸ்டர் சுவரில் கதவு இருந்த இடத்தைப் பார்ப்பார். மதியக் கிண்ணம் பாதியானது, பிறகு கால். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினார். ஒளிக்காமல் நோட்டில் எழுதினேன்.

"ஏம்மா, பழைய அளவுல ஒரு கிண்ணம் இவருக்குன்னு தனியாக் காய்ச்சேன். அந்த ஒரு ஸ்பூனுக்காகத்தான் இவர் வாயத் தெறக்கறதே."

"தனியாக் காய்ச்சினா ஊருக்கு வேற சாஸ், புருஷனுக்கு வேற சாஸுன்னு ஆயிடும்க்கா. நான் எத விக்கறேன்னு தெனமும் எனக்கே தெரியணுமா?"

"உனக்குத் தெரியாமலா இருக்கு?"

அவள் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

விற்பனை என்னவோ ஓஹோவென்று போனது. குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்களாம். ஆறாம் மாதம் சூப்பர் மார்க்கெட் தன் பெயரையே லேபிளில் பெரிதாகப் போட்டுக்கொண்டது. தயாரித்தவர் பெயர் பின்பக்கம் பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி. கூடவே சிறந்த புதிய சப்ளையர் என்று ஒரு கேடயமும் கொடுத்தார்கள். அன்று பட்டுப்புடவையோடு நேராக மாஸ்டரிடம் வந்தாள். ஒரு கையில் கேடயம், மறு கையில் புது பாட்டில்.

"என்னங்க, இங்க பாருங்க. கடையில முன்வரிசையில வச்சிருக்காங்க. ஒரே ஒரு தட்டு தட்டுங்க."

ஸ்பூனை வாயில் வைத்தாள், நான் சொல்லிக்கொடுத்த இடது பக்கம்தான். மாஸ்டர் நாக்கில் உருட்டினார். அவள் கட்டில் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அசையவில்லை. முகத்தைக்கூட அவர் திருப்பிக்கொள்ளவில்லை. அவளை நேராகப் பார்த்தபடி வாயை லேசாகத் திறந்தார். சாஸ் இடது கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது.

நான் துடைத்தேன். வாயில் மிச்சம் இல்லாமல் விரலில் துணி சுற்றி எடுத்தேன். பிறகு தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்பூன் சிந்தாமல் குடித்தார்.

சாஸம்மா என் நோட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். "முழுங்க முடியலன்னு எழுதுங்கக்கா."

உணர்ச்சி உள்ள பக்கம்தான் வழிந்தது என்பதை அவளும் பார்த்தாள். 'சாஸ் இடது பக்கம் வழிந்தது. தண்ணீர் குடித்தார். விழுங்குவதில் குறை இல்லை' என்று எழுதி நோட்டை நீட்டினேன்.

வாசலில் சரக்கு ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. அவள் படித்தாள். நோட்டை மூடி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கேடயத்தை எடுத்துக்கொண்டு போனாள். மாஸ்டர் அதன் பிறகு நான்கு மாதம் இருந்தார். நான் தினமும் எழுதினேன். அவள் அந்த நோட்டைத் திறக்கவேயில்லை.