தேத்தண்ணியோடு போட்ட குளிசை

என் மனைவி கச்சான் கடலை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவள். மாங்குளம் பக்கம் ஒரு முதலாளியின் காணி. விடிய உழவு இயந்திரம் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பொழுதுபடும்வரை குனிந்த வேலை.

காணியில் இறங்கியதும் தேத்தண்ணி. அதோடு நோவுக்கு ஒரு குளிசை. நோ வந்த பிறகு இல்லை, வர முன்னமே. எல்லாரும் அப்படித்தான். கடையில் அட்டையிலிருந்து பெயரில்லாமல் வெட்டிக் கொடுக்கிற குளிசை. மத்தியானம் இடுப்பு கடுத்தால் இன்னொன்று. தன்னிடம் இல்லாவிட்டால் பக்கத்தில் பிடுங்குகிறவள் கொடுப்பாள்.

எந்த வெயிலுக்கும் தண்ணி குடிக்கமாட்டார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். வெட்டை வெளி. முதலாளி உழவு இயந்திரத்துக்குக் கொட்டகை போட்டிருந்தார். பெண்களுக்கு நாலு தகரம் அடிக்கவில்லை.

போன வருடம் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகமும் ஊதியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் சோதித்துவிட்டு, மருந்து ஏதும் பாவிக்கிறதோ என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தருவதுதான் எங்களுக்கு மருந்து.

டொக்டர் விடவில்லை. அப்ப நோவுக்கு என்ன செய்யிறனீங்கள் என்றார்.

"அது கடைக் குளிசைதானே டொக்டர். தேத்தண்ணியோட போடுறது."

அவர் பேனையைக் கீழே வைத்தார். தண்ணி இல்லாத உடம்பில் அந்தக் குளிசை நெடுகப் போனால் கிட்னியைத்தான் தின்னும் என்றார். இனி அதைத் தொடக்கூடாது. நோவென்றால் பரசிற்றமோல், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் இல்லை. பெயர் தெரியாத குளிசை எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. வீக்கம் வத்தும்வரை தண்ணியும் அளந்துதான்.

"கெட்டது கெட்டதுதான் அம்மா. மிச்சத்தைக் காப்பாத்துவம்."



கூட வேலை செய்த ஒருத்தி வீட்டுக்கு அவளைப் பார்க்க வந்தாள். சுகம் கேட்டாள். பிறகு, மிச்சக் குளிசை கிடக்கோ என்று கேட்டாள். அக்காவுக்கு இனித் தேவையில்லைத்தானே என்றாள். நான் கொடுக்கவில்லை.

"நீயும் போடாதை தங்கச்சி. தண்ணியைக் குடி," என்றாள் என் மனைவி.

"குடிச்சிட்டு எங்கயக்கா போறது? எல்லாரும் பாக்க நடு வெட்டைக்க குந்தவோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்தவளை ஏசி என்ன வரும். நாளைக்கும் அவள் குனியத்தான் வேண்டும்.